முதலில் வந்த 866 ரூபாய்

அமீர்பேட் மெட்ரோ நிலையத்திலிருந்து இறங்கி மைத்ரிவனம் பக்கம் நடப்பவர்களின் கைகளில் கணினிப் பயிற்சி நிலையங்களின் துண்டுப்பிரசுரங்கள் வந்து விழுந்தவண்ணம் இருக்கும். வேலை தேடி வந்து விடுதிகளில் தங்கிப் பயிலும் இளைஞர்கள் நிறைந்த பகுதி இது. தமிழ் இளைஞர்களும் உண்டு. பெற்றோர் அனுப்பும் பணத்தை எண்ணிச் செலவிடும் இவர்களின் கைபேசிக்கு, 'வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை' என்ற செய்தி வந்தால் மனம் அசையாமல் இராது.

2023 ஜூலையில் ஹைதராபாத் காவல்துறை வெளிக்கொணர்ந்த மோசடி இவ்வாறே தொடங்கியது. டெலிகிராம் வழியே நகரவாசி ஒருவருக்குக் கிடைத்த வேலை, இணையத்தில் நட்சத்திர மதிப்பீடு இடுவது. அவர் 1,000 ரூபாய் கட்டினார். 866 ரூபாய் லாபம் வந்தது. அடுத்து 25,000 கட்டினார், 20,000 லாபம். ஆனால் அந்த லாபத்தை எடுக்க விடவில்லை. அதை மீட்கவே மேலும் கட்டச் சொன்னார்கள். இழப்பு 28 லட்சம் ரூபாய். இவ்வலையில் நாடெங்கும் சுமார் 15,000 பேர் 712 கோடி ரூபாய் இழந்ததாகக் காவல்துறை தெரிவித்தது.

தூண்டில் மோசடி என்றதும் போலி இணைப்பையும் ஓ.டி.பி.யையும் மட்டுமே நினைக்கிறோம். இங்கோ இரையாக வைக்கப்பட்டது உண்மையான பணம். "சார், பணம் வந்ததே!" என்று கிளையில் எங்களிடம் வாதிடுவோர் உண்டு. வந்தது என்பதே எங்கள் கவலை. சம்பளம் பெற முன்பணம் கேட்கும் நிறுவனம் எதுவாயினும் விலகிவிடுங்கள். பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. பின் தேவையே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று, மாணவர்களுக்கு. 'உங்கள் கணக்கைச் சில நாள் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்' என்பாரும் இதே கூட்டத்தினரே. அந்தக் கணக்கு வழியே திருட்டுப் பணம் போனால் விசாரணைக்கு முதலில் அழைக்கப்படுபவர் கணக்கின் உரிமையாளர்தாம்.

ஏமாந்துவிட்டால்? அறைத்தோழரிடமும் சொல்லக் கூசி, இரண்டு மூன்று நாள் கழித்து வருவோரையே நாங்கள் அதிகம் காண்கிறோம். அதற்குள் பணம் பல கணக்குகளைக் கடந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, கடவுச்சொல் போன்றவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்தபின் நிகழும் இழப்பு வங்கியைச் சாரும். ஆகவே அந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். மோசடிக்காரருடன் நடந்த உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள். வெட்கத்தில் பலரும் முதலில் செய்வது அதைத்தான்.