குற்றவாளி யார்?

மூலனூரிலிருந்து திருப்பூருக்கு விடியற்காலையிலே புறப்படும் பேருந்து. தூக்குப் போசியை மடியில் வைத்தபடி உறங்குவோர் சிலர். உறக்கம் வராமல் வட்டிக் கணக்குப் பார்ப்போர் சிலர். நம் பக்கத்து இருக்கையிலே ஓர் இளந்தோழர், ஓவர்லாக் தைப்பவர். கையிலே ஒரு மாத நாவல், அட்டையிலே துப்பாக்கி, முகத்திலே ஆர்வம்!

"என்ன தம்பி, அப்படி ஆழ்ந்து படிக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"கொலைக் கதைங்கண்ணா. கடைசிப் பக்கம் வரைக்கும் குற்றவாளி யாருன்னு தெரியாதுங்க. அதுதானுங்க ருசி!" என்றார்.

சொல்லிவிட்டுப் புத்தகத்தைச் சட்டென்று மறைக்கவும் பார்த்தார். மேடையிலே பேசுகிறவன் பக்கத்தில் அமர்ந்து கொலைக் கதை படிக்கலாமா என்ற கூச்சம்! கூச்சம் எதற்கு? கோவை தந்த எழுத்தாளர் இராஜேஷ்குமார் எழுதிக் குவித்த நாவல்கள் ஆயிரத்துக்கும் மேல். நாள் முழுதும் நின்றும் குனிந்தும் உழைத்தவனை, உறக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையிலும் பக்கம் புரட்ட வைத்த எழுத்து அது. அதை இகழ நாம் யார்?

ஆனால் தம்பி சொன்ன அந்த ஒரு சொல் நம்மை விடவில்லை. குற்றவாளி யார்? கடந்த சில திங்களில் நாம் ஆறு நாவல்கள் படித்தோம். குடும்பக் கதை உண்டு, நாட்டுப்புறக் கதை உண்டு, மலைத்தோட்டத்துக் கதை உண்டு, ஆற்றின் கதை உண்டு, ஆட்டுக்காரச் சிறுவன் கதை உண்டு, அறிவியல் கற்பனையும் உண்டு. அவற்றிலே துப்பறியும் நிபுணர் இல்லை, கைவிலங்கு இல்லை. எனினும் ஆறும் கேட்பது அந்தத் தம்பி கேட்ட கேள்வியைத்தான்!

முதலில் அறிஞர் அண்ணாவின் 'ரங்கோன் ராதா'. 1956-இல் திரைப்படமாக வந்தபோது கலைஞர் வசனம் எழுத, ஊரே திரண்டு பார்த்த கதை. படம் பார்த்தவர் பலர். புத்தகத்தைப் புரட்டியவர் சிலர். பெரிய மனிதர் ஒருவர். நெற்றியிலே பக்தி, நெஞ்சிலே பணம். மனைவியின் தங்கை மீதும் அவள் சொத்தின் மீதும் ஆசை. வழி? மனைவிக்குப் பேய் பிடித்தது என்று ஊரை நம்ப வைக்கிறார். ஊரும் நம்புகிறது! பேயோட்ட வந்தவன் குற்றவாளியா? ஏவிவிட்டவர் குற்றவாளியா? வேடிக்கை பார்த்த ஊருக்குப் பங்கே இல்லையா? புத்தகத்தை மூடியபின்னும் அந்த மூன்றாவது கேள்விதான் நம்மைத் துரத்துகிறது.

அடுத்தது நம் மண்ணின் புத்தகம். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் தந்த 'நாகம்மாள்'. கொங்குத் தமிழை, நம் வீட்டுத் திண்ணையில் கேட்கும் பேச்சை, அப்படியே அச்சிலே ஏற்றியவர். சென்னையிலும் தஞ்சையிலும் மட்டுமே கதை பிறக்கும் என்றிருந்த காலத்தில், காடும் தோட்டமும் கிணற்று மேடும் கதையாகும் என்று காட்டியவர்.

நாகம்மாள் கணவனை இழந்தவள். கையிலே ஒரு பெண் குழந்தை. 'என் பங்கைப் பிரித்துக் கொடு' என்று கொழுந்தனைக் கேட்கிறாள். அவ்வளவுதான்! பங்கு கேட்ட பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதைக் கொங்கு நாட்டில் பிறந்தவருக்குச் சொல்லவும் வேண்டுமோ? சண்முகசுந்தரம் அவளைத் தெய்வமாக்கவில்லை. அவளிடம் ஆத்திரமும் உண்டு, பிடிவாதமும் உண்டு, தவறான துணையும் உண்டு. கொழுந்தனும் கொடியவனல்லன், உழைப்பாளி. இரு நல்லவர் நடுவே நிலம் நிற்கிறது. தூண்டிவிட ஆள் நிற்கிறது. கதை கொலையில் முடிகிறது.

கொன்றவன் யார் என்பது வெளிச்சம். ஆனால் குற்றவாளி யார்? பெண்ணுக்கும் சொத்திலே உரிமை வேண்டும் என்று 1929-இலேயே செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. கணவனை இழந்தவளுக்கும் மகளுக்கும் வாரிசுப் பங்கு தந்த சட்டம் 1956-இல் வந்தது. பரம்பரைச் சொத்திலே மகளும் மகனுக்குச் சமம் என்ற சட்டத்தைத் தமிழகம் 1989-இல் செய்தது. இந்தியா முழுதுக்கும் அது வர 2005 ஆயிற்று. நாகம்மாள் கேட்டதோ 1942-இல்! தோழர்களே, சட்டம் வந்துவிட்டது, மெய்தான். தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சீர் தட்டைத் தூக்கிக் கொடுக்கும் வழக்கம் போய்விட்டதா? பத்திர அலுவலக வாசலில் அரை நாள் நின்று பாருங்கள். நாகம்மாளின் மகள்கள் நிற்பார்கள்.

மூன்றாவது 'எரியும் பனிக்காடு'. பி. எச். டேனியல் என்ற மருத்துவர், தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றித் தாம் கண்டதை வைத்து 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழாக்கினார். 2013-இல் வந்த 'பரதேசி' படத்துக்கு வேர் இதுதான். நெல்லைச் சீமையின் கருப்பனும் வள்ளியும் பசியால் வாடுகிறார்கள். கங்காணி வருகிறான், முன்பணம் நீட்டுகிறான், தேனும் பாலும் ஓடும் மலை என்கிறான். மலையேறிய பிறகுதான் தெரிகிறது, ஓடுவது தேனல்ல, கண்ணீர் என்று! காய்ச்சல் கொல்கிறது, குளிர் கொல்கிறது, கணக்குப் புத்தகம் கொல்கிறது. உழைக்க உழைக்கக் கடன் குறையக் காணோம்!

படித்துக்கொண்டே வந்த நாம் ஓரிடத்தில் நிறுத்தினோம். இந்தக் கங்காணியை எங்கோ பார்த்திருக்கிறோமே! ஆம், பார்த்திருக்கிறோம். நம் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பெண் பிள்ளைகளைத் திரட்ட வந்த ஆட்கள் அவனுக்குப் பேரன்மார்தாமே! 'மூன்று ஆண்டு வேலை செய்யட்டும், முடிவிலே மொத்தமாகப் பணம், கல்யாணச் செலவுக்கு ஆகும்' என்றார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலமாகப் பெயரும் வைத்தார்கள். மூன்றாண்டு முடியுமுன் உடல் கெட்டுத் திரும்பிய பெண்ணுக்கு மொத்தமும் இல்லை, மங்கலமும் இல்லை! மலையிலே முன்பணம் கொடுத்துக் கட்டினார்கள். ஆலையிலே பின்பணம் காட்டிக் கட்டினார்கள். கயிறு ஒன்று, முடிச்சுத்தான் வேறு. 1951-இலேயே தோட்டத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் வந்தது. சங்கம் இல்லாத இடத்தில் சட்டம் ஏட்டுச் சுரைக்காய் என்பதைத் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, சுப்ரபாரதிமணியன் 1998-இல் எழுதிய 'சாயத்திரை'. இது திருப்பூரின் கதை, நொய்யலின் கதை. ஆறு ஒரு நாள் சிவப்பு, மறுநாள் நீலம், அடுத்த நாள் கறுப்பு. எந்த ஊர்ச் சந்தையிலே எந்த நிறம் விலைபோகிறதோ அந்த நிறம்! பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பயிருக்கு நீர் தேக்குவதற்குப் பதில் சாயக் கழிவைத் தேக்கியது. கிணறுகள் கெட்டன, தென்னை கருகியது, உழவர் வழக்குமன்றம் ஏறினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

இங்கே குற்றவாளி யார்? பட்டறை முதலாளி என்று கைகாட்டுவது எளிது, தப்பும் அல்ல. அவரைக் கேட்டால், 'அயல்நாட்டு வியாபாரி விலையை நசுக்குகிறான், சுத்திகரிப்புச் செலவை யார் தருவது?' என்பார். வியாபாரியைக் கேட்டால், 'எங்கள் கடைக்கு வருபவர் மலிவாகக் கேட்கிறார்' என்பார். அதிகாரியைக் கேட்டால் கோப்பைக் காட்டுவார். நம்மைக் கேட்டால்? 'ஒன்றரை ஷிப்டுக் கூலி வந்தது, ஆற்றைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை' என்போம். இலாபம் போன திசை ஒன்று. நஞ்சு போன திசை வேறு. இலாபம் ஏறியவர் பலர் திரும்பிப் பார்க்கவில்லை. நஞ்சு இறங்கிய கிணற்றுக்காரர், நேற்று வரை நம் பருத்தியை விளைவித்தவர்!

ஐந்தாவது புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே சற்றுக் கை நடுங்கியது. பெருமாள்முருகன் 2000-இல் எழுதிய 'கூளமாதாரி'. ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவன் கதை. பண்ணயக்காரர் வீட்டில் ஆண்டுக் கூலிக்கு விடப்பட்ட பிள்ளை. பழைய சோறு, விடியுமுன் வேலை, அடி, வசவு. அதற்கிடையிலும் ஏரியிலே நீச்சல், பனையடியிலே விளையாட்டு, தோழர் தோழியரின் கும்மாளம்! பண்ணயக்காரர் மகனும் அந்த விளையாட்டிலே சேருகிறான். சேர்ந்தாலும் என்ன? விளையாட்டு முடிந்ததும் ஒருவன் எசமான், ஒருவன் ஆள்.

மேடையேறி நாம் ஆயிரம் பேசியிருக்கிறோம். அக்கிரகாரத்து ஆதிக்கத்தைச் சாடியிருக்கிறோம், சாட வேண்டியதுதான். ஆனால் இந்தப் புத்தகத்தில் அக்கிரகாரம் எங்கே இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்தோம். அந்தப் பிள்ளையின் கையிலே தொடாமல் சோற்றைத் தூக்கிப் போட்டது அக்கிரகாரத்துக் கை அல்ல. நம் கை! நம் அப்பன் கை, நம் பாட்டன் கை! கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழகம் 2009-இல் தந்தது. அதை 2024-இல் உச்சநீதிமன்றமும் ஏற்றது. பெருமைப்படுவோம். ஆனால் சட்டமன்றத்தில் கொடுத்ததைத் தேநீர்க் கடையில் பிடுங்குவது முறையாகுமா? நம் ஊரில் இன்னும் எந்தத் தெருவுக்கு எந்தத் தெரு பெண் கொடுப்பதில்லை, எந்தக் கோயிலுக்குள் யார் நுழைவதில்லை என்று கணக்கெடுத்தால், கொடி பிடித்த கைகளே கணக்கில் வரும். சொல்லக் கசக்கிறது. கசந்தாலும் சொல்கிறோம்.

கடைசியாகச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அவர் நம் கூடாரத்துக்காரர் அல்லர், அதனால் என்ன? நல்ல கேள்வி எந்தக் கூடாரத்தில் எழுந்தாலும் நம் கேள்விதான். 1980-களில் எழுதி, 2020-களில் நடப்பதாகப் புனைந்த கதை. பெயர் இரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. பிள்ளை பெற அரசின் இசைவு வேண்டும். நாடே 'ஜீவா' என்ற தலைவரைத் தொழுகிறது. அந்தத் தலைவர் உண்மையில் யார் என்பதே கதையின் முடிச்சு. அதை அவிழ்த்துத் தம்பிகளின் ருசியைக் கெடுக்கமாட்டோம். ஒன்று மட்டும் சொல்வோம்: அந்த நாட்டிலே அஞ்சாமல் கேள்வி கேட்பது ஓர் இயந்திர நாய்! மனிதர் வாழ்த்து முழங்க, நாய் சிந்திக்கிறது. சிரித்துக்கொண்டே படித்தோம், முடிவில் சிரிப்பு நின்றுவிட்டது. பகுத்தறிவு பேசியவர்கள் கேட்பதை நிறுத்தினால், குற்றவாளி மேலே மட்டுமா இருக்கிறான்?

"நாவல் படித்தால் கூலி உயருமா?" என்று கேட்பார் உண்டு. உயராது! கூலி உயரச் சங்கம் வேண்டும், போராட்டம் வேண்டும். திருப்பூர்த் தொழிலாளர் 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது கதை படித்துவிட்டு அல்ல. ஆனால் போராடப் புறப்படுமுன் எதிரி யார் என்று தெரிய வேண்டாமா? எதிரியின் ஆள் ஒருவன் நம் உள்ளத்திலேயே குடியிருக்கிறானா என்று பார்க்க வேண்டாமா? துண்டறிக்கை முன்னதைச் சொல்லும். பின்னதைச் சொல்ல நல்ல நாவலால்தான் முடிகிறது.

ஒரு காலத்தில் முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். படிப்பகங்கள் அப்படித்தான் வளர்ந்தன. இன்று ஒவ்வொருவர் கையிலும் செல்பேசி. கேட்க ஆளில்லை, படிக்க ஆளில்லை. மூலனூர்த் தோழர்களே, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், ஒரு புத்தகம், ஒரு வாசகர், பத்துக் காதுகள். இதற்கு நன்கொடைச் சீட்டு அடிக்க வேண்டியதில்லை!

அன்று இறங்கும்போது நம் பையிலிருந்த 'கூளமாதாரி'யை அந்தத் தம்பியிடம் கொடுத்தோம். வாரம் கழித்து அதே பேருந்திலே பார்த்தோம். பாதி முடித்திருந்தார்.

"குற்றவாளி யாரென்று தெரிந்ததா, தம்பி?" என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊட்டுலயும் ஆடு மேய்க்கறதுக்கு ஒரு பையன் இருந்தானுங்கண்ணா. அவன் பேரு என்னன்னு நேத்துத்தானுங்க எங்கம்மாகிட்டக் கேட்டேன்" என்றார்.