வீட்டுக்குள் வலை, வாசலில் பூட்டு

இரவு மணி ஒன்பதரை. தில்லியின் ஜனவரிக் குளிரில் ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளை வாயைத் திறப்பான்: "அப்பா, நாளைக்குக் காலையில் ப்ராஜெக்ட் கொடுக்கணும்." குல்லாயும் மஃப்ளருமாக அப்பா மார்க்கெட் மார்க்கெட்டாக அலைவார். ராமகிருஷ்ணபுரமானாலும் கரோல்பாக்கானாலும் மயூர் விஹாரானாலும், இந்த அலைச்சலை அறியாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு.

இதற்கு முடிவு கட்டத்தான் பலர் பிரிண்டர் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு வேறு தொல்லை. பிரிண்டர் ஒரே ஒரு கம்ப்யூட்டருடன் ஒயரால் கட்டுண்டு கிடக்கிறது. அம்மாவின் போனில் இருக்கும் ஆதார் நகலை அச்சிட வேண்டுமானால், அதை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவன் கம்ப்யூட்டரைத் திறந்து, பிறகுதான் காகிதம் வெளியே வரும். மகன் வெளியூர் போயிருந்தால் பிரிண்டருக்கும் விடுமுறை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, அதை முதலில் பெற்ற நகரங்களில் தில்லியும் ஒன்று. அப்போதெல்லாம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். இணையத்தில் இருக்கும்போது யாரும் போன் பேச முடியாது. இன்று ஒரே இணைப்பை வீட்டில் ஏழெட்டுக் கருவிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கிட்டுக் கொடுப்பது ரூட்டர் என்னும் சிறு பெட்டி. அதன் வேலையைப் புரிந்துகொண்டால் பிரிண்டரைக் குடும்பத்துக்குப் பொதுவாக்கலாம். அந்தப் பொது என்பது நம் வாசற்படியோடு நிற்க வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம்.

தபால் பிரிவு

மத்திய அரசு அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு ரூட்டரின் வேலை புதிதல்ல. அமைச்சகத்துக்கு வரும் தபால்கள் எல்லாம் ஒரே முகவரிக்குத்தான் வருகின்றன. எது எந்த ஸீட்டுக்கு என்று பிரித்து அனுப்புவது 'ஆர் அண்ட் ஐ' என்னும் தபால் பிரிவு. ரூட்டர் செய்வதும் அதுவே. வெளி உலகுக்கு வீட்டின் முகவரி ஒன்றுதான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் ரூட்டர் ஓர் உள் எண் கொடுக்கிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். இப்படித் தனி வலைகளுக்கென்று சில எண் வரிசைகள் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன. அடுத்த வீட்டிலும் அதே எண்கள் இருக்கலாம். வெளியே அவை செல்லுபடியாகா என்பதால் குழப்பம் வருவதில்லை.

ஒரு ஸீட்டிலிருந்து இன்னொரு ஸீட்டுக்குக் குறிப்பு அனுப்பத் தபாலாபீஸ் தேவையில்லை அல்லவா? அதேபோல், தெருவில் கேபிள் அறுந்து இணையம் நின்றுபோனாலும், ரூட்டருக்கு மின்சாரம் இருக்கும் வரை போனில் உள்ளதை வீட்டுப் பிரிண்டரில் அச்சிடலாம்.

எங்கே வைப்பது?

இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர், கேபிள் நுழையும் பால்கனி மூலையிலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போவார். அங்கே இருந்தால் பாதி அலை தெருவுக்குப் போகும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே நல்லது. இரும்பு பீரோவின் பின்னாலும் ஃபிரிட்ஜின் தலையிலும் கண்ணாடி அருகிலும் வைக்கக் கூடாது. உலோகம் அலையைத் தடுத்துவிடும்.

ரூட்டர்கள் பலவற்றில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. ஐந்தில் வேகம் அதிகம். ஆனால் செங்கல் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4-ல் வேகம் குறைவு. ஆனால் கடைசி அறை வரை எட்டும். பல பிரிண்டர்களுக்கு 2.4 மட்டுமே தெரியும். புதுப் பிரிண்டர் வலையைக் காணவில்லை என்றால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். எட்டாத அறைக்கு 'கேட் 5இ' ஒயர் இழுக்கலாம். அது நூறு மீட்டர் வரை தாங்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைத்து வீட்டுக்காரரின் கோபத்தைச் சம்பாதிக்காமல், தரையோரமாகவே கொண்டுபோய்விடலாம்.

பிரிண்டரைச் சேர்ப்பது

புதிதாக வாங்குவோர் வைஃபை உள்ள பிரிண்டராகப் பார்த்து வாங்குவது நலம். ஆப்பிள் போன்களுக்கு 2010-ல் வந்த ஏர்பிரிண்ட் வசதியும், ஆண்ட்ராய்டு போன்களுக்கு மோப்ரியா வசதியும் இருந்தால் போனிலிருந்து நேராகவே அச்சிடலாம். பழைய ஒயர் பிரிண்டரையும் கம்ப்யூட்டர் மூலம் பகிரலாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2021-ல் விண்டோஸின் அச்சுப் பகுதியில் பெரிய ஓட்டை தெரியவந்து, மைக்ரோசாப்ட் அடுத்தடுத்துத் திருத்தங்கள் வெளியிட்டபோது, இப்படிப் பகிர்ந்திருந்த பல பிரிண்டர்கள் திடீரென்று வேலை நிறுத்தம் செய்தன. எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் திருத்தங்கள் ஒரே நிலையில் இருப்பது அவசியம்.

நேற்று வரை ஓடிய பிரிண்டர் இன்று 'ஆஃப்லைன்' என்கிறதா? மெக்கானிக்கைக் கூப்பிட அவசரப்பட வேண்டாம். மின்சாரம் போய் வந்தபோது ரூட்டர் அதன் ஸீட்டை மாற்றியிருக்கலாம்; கம்ப்யூட்டர் பழைய ஸீட்டுக்கே காகிதத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் பிரிண்டருக்கு நிரந்தர எண் ஒதுக்கிவிட்டால் இந்த வியாதி தீரும்.

பூட்டு ஏன்?

2008 ஜூலை 26 அன்று ஆமதாபாதில் குண்டுகள் வெடித்தன. சற்று முன்னதாகச் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதைத் தேடிப் போன போலீஸார் நவி மும்பையில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அங்கே குடியிருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. பூட்டில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று தில்லியில் கரோல்பாக், கன்னாட் பிளேஸ், கிரேட்டர் கைலாஷ் பகுதிகளில் குண்டுகள் வெடித்தபோது வந்த மின்னஞ்சலும், மும்பை செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. இதன் பின்னர் 2009 பிப்ரவரியில், வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது பற்றித் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்கள் அனுப்பியது.

வெளி உலகுக்கு வீட்டின் முகவரி ஒன்றுதான் என்று பார்த்தோம். யார் எதை அனுப்பினாலும் விசாரணை வருவது அந்த முகவரிக்குத்தான். சொந்த ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் இருப்பவருக்கு, குற்றமற்றவர் என்று முடிவில் தெரிந்தாலும், அதுவரை படும் பாடு சிறிதல்ல.

பூட்டுவது எளிது. முதலில், ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குத் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். 2016-ல் உலகைக் கலக்கிய மிராய் என்னும் வைரஸ், அப்படி மாற்றாமல் விட்ட காமிராக்களிலும் ரூட்டர்களிலும்தான் புகுந்தது. இரண்டாவது, பாதுகாப்பு முறையாக டபிள்யு.பி.ஏ.2 அல்லது 3 இருக்க வேண்டும். பழைய டபிள்யு.இ.பி. 2001-லேயே உடைக்கப்பட்ட பூட்டு. மூன்றாவது, எட்டு இலக்க எண்ணில் இணைக்கும் டபிள்யு.பி.எஸ். முறையின் பலவீனம் 2011-ல் வெளியானது, அதை நிறுத்திவிடலாம்.

பாஸ்வேர்டு வீட்டு எண்ணாகவோ போன் எண்ணாகவோ இருக்கக் கூடாது. முருங்கை, குத்துவிளக்கு, சப்பாத்தி என்பது போல் ஒட்டும் உறவும் இல்லாத மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நமக்கு மறக்காது, பிறரால் ஊகிக்க முடியாது. (இதே மூன்றை வைத்துக்கொள்ள வேண்டாம்.) மாற்றியதும் பிரிண்டருக்கும் புதிய பாஸ்வேர்டைச் சொல்ல மறக்கக் கூடாது.

மாடி வீட்டார் கேட்டால் இல்லை என்று சொல்வது சங்கடந்தான். ரூட்டரில் உள்ள 'கெஸ்ட்' வலை விருந்தாளிகளுக்கானது. பெரும்பாலான ரூட்டர்களில் அதில் சேர்பவருக்கு இணையம் கிடைக்கும். வீட்டுப் பிரிண்டர் தெரியாது. ஆனால் அதற்கும் முகவரி நம்முடையதே என்பதால், நன்கு அறிந்தவருக்கு மட்டும் கொடுத்து, அவர் போனதும் நிறுத்திவிட வேண்டும். மாற்றல் உத்தரவு வந்து பழைய ரூட்டரையும் பிரிண்டரையும் கபாடிவாலாவிடம் போடும்போது, 'ரீசெட்' செய்து உள்ளே இருக்கும் பாஸ்வேர்டை அழித்துவிட்டே கொடுக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதற்குப் போதும். அடுத்த குளிர்காலத்தில் இரவு ஒன்பதரைக்குப் பிள்ளை ப்ராஜெக்ட் என்று வந்து நின்றால், அப்பா ரஜாயை விட்டு எழ வேண்டியதில்லை. பிரிண்டரில் காகிதம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.