காலை ஆறு மணிப் பூ

வீட்டுத் தோட்டம் – 9

சுக்கினி பற்றி எழுதப்போகிறேன் என்று போன வாரம் சொன்னதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். செடி தளதளவென்று இருக்கிறது, பூ பூக்கிறது, விரல் நீளத்துக்குப் பிஞ்சும் விடுகிறது. மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சு நுனியில் மஞ்சளாகி, வெம்பி, தொட்டால் விழுந்துவிடுகிறது. என்ன உரம் போடுவது?

உரம் வேண்டாம். அந்தச் செடிக்கு வேண்டியது காலை ஆறு மணிக்கு மாடியேறி வரும் ஓர் ஆள்.

அதற்கு வருமுன், இந்தக் காய் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துவிடுவோம். கடையில் சுக்கினி என்றும் சீமைச் சுரைக்காய் என்றும் விற்பது சுரையும் இல்லை, பார்க்க வெள்ளரி மாதிரி இருந்தாலும் வெள்ளரியும் இல்லை. பூசணிதான், முற்றவிடாமல் பிஞ்சிலேயே பறித்த பூசணி. இத்தாலிய மொழியில் சுக்கினி என்றாலே குட்டிப் பூசணிகள் என்றுதான் பொருள். பரங்கிப் பிஞ்சைக் கூட்டு வைத்துச் சாப்பிட்ட நமக்கு இது புதிதல்ல. அந்தப் பரங்கியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான். வந்த கதை பெயரிலேயே இருக்கிறது. சுக்கினி அதற்குச் சித்தப்பா பிள்ளை முறை. பரங்கி கொடியாக ஓடும். சுக்கினி பெரும்பாலும் ஓடாமல், நின்ற இடத்திலேயே மூன்றடிக்கு இலை விரித்துப் புதராக நிற்கும். மாடிக்கு இதைவிடத் தோதான பூசணி கிடையாது.

ஆங்கிலத்தில் இதன் இனத்துக்குக் கோடைப் பூசணி என்று பெயர். அதை நம்பிச் சித்திரையில் விதைத்துவிடாதீர்கள். அது குளிர்நாட்டுக் கோடை. நம் மார்கழி, தை மாத வெயில்தான் அதற்குச் சமம். சமவெளியில் இருப்பவர்கள் கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் தொடங்கி, தை முதல் வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்குத்தான் கோடையிலும் விளையும். வெயில் ஏற ஏற இந்தச் செடி ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும்.

விதைப்பு எளிது. பதினெட்டு அங்குல அகலமுள்ள பையில் செம்மண், மட்கிய தொழுஉரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்து, ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு விதை. ஐந்தாறு நாளில் முளைத்துவிடும். இரண்டில் நல்லதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அசையும். பூசணிக் குடும்பத்துக்கு வேர் அசைந்தால் ஆகாது. முதல் வருடம் நான் குழித்தட்டில் நாற்று விட்டு, ஒரு மாதம் கழித்து எடுத்து நட்டேன். பன்னிரண்டில் ஏழு செடி ஒரு வாரத்தில் துவண்டு போயின. அன்றிலிருந்து நேரடி விதைப்புதான். கடை விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது மருந்து பூசிய விதை. ஊன்றியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

முப்பத்தைந்து நாற்பது நாளில் மொட்டு வரும். இனிமேல்தான் நம் வேலை.

மார்கழிக் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகி வைக்கும் பூசணிப் பூவை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெரியம்மா இருட்டு விலகும்போதே கொடிக்குப் போய்விடுவார். நீளமான மெல்லிய காம்புள்ள பூவாகப் பார்த்துத்தான் கிள்ளுவார். அடியில் சின்னதாகக் குண்டு கட்டியிருக்கும் பூவில் நான் கை வைத்தால், "அது காய்க்கிற பூடா, விடு" என்பார். ஆண் பூ, பெண் பூ என்ற பேச்சே அங்கு வந்ததில்லை. ஆனால் கோலத்துக்குப் போனதெல்லாம் ஆண் பூ, கொடியில் தங்கியதெல்லாம் பெண் பூ.

சுக்கினியிலும் அதே அடையாளம்தான். பெண் பூவுக்கு அடியில் பிறக்கும்போதே ஒரு குட்டிக் காய் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் காய் பிடித்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். அது இன்னும் காய் அல்ல, காத்திருக்கும் சூல்பை. மகரந்தம் வந்து சேர்ந்தால் பெருக்கும், சேராவிட்டால் வெம்பும். கடிதம் எழுதியவர்கள் வீட்டு மாடியில் நடந்தது இதுதான். பூசணி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீதான் சுமந்து வர வேண்டும். மூன்றாவது மாடிக்குத் தேனீ வருவது குறைவு. பூவும் விடியும்போது விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கி மூடிக்கொள்கிறது, மறுநாள் விரிவதில்லை. ஒரு பெண் பூவுக்கு வாழ்நாளில் கிடைப்பது ஒரே ஒரு காலைப்பொழுது.

ஆகவே நீங்கள் தேனீயாக வேண்டும். ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். இதழைக் கிழித்துவிட்டால் நடுவில் ஒற்றைத் தண்டு நிற்கும். விரலால் தொட்டால் மஞ்சள்தூள் போல ஒட்டும். பெண் பூவுக்குள் சூலகமுடி பல மடல்களாகப் பிரிந்திருக்கும். ஒன்றையும் விடாமல் எல்லா மடலிலும் அந்தத் தண்டை மெதுவாகத் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ கிடைத்தால் இன்னும் நல்லது. மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சூம்பிப் போகும். கோணல் காயைப் பார்த்து நோய் என்று மருந்தடிக்காதீர்கள். மருந்து, அது வேப்பெண்ணெயே ஆனாலும், மாலையில்தான். பூ விரிந்திருக்கும் காலையில் தெளித்தால் தப்பித்தவறி வரும் ஒரு தேனீயையும் விரட்டிவிடுவோம்.

இலையில் வெள்ளி நிறத் திட்டு இருக்கிறது, என்ன நோய் என்றும் கேட்கிறார்கள். பல ரகங்களுக்கு அது பிறவி நிறம். விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு விரலில் ஒட்டினால்தான் சாம்பல் நோய். அதற்குப் பசும்பால் போதும். 1999இல் பிரேசில் ஆராய்ச்சியாளர் ஒருவர் இதே சுக்கினிச் செடியில் பாலைத் தெளித்துச் சோதித்து, நோய் அடங்குவதை எழுதியிருக்கிறார். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒரு முறை.

மகரந்தம் சேர்ந்த ஐந்தாறு நாளில் காய் ஒரு சாண் நீளம் வந்துவிடும். கட்டைவிரல் நகம் தோலில் சுலபமாக இறங்கும்போதே காம்போடு அறுத்துவிடுங்கள். பெரிதாகட்டும் என்று விட்டால் செடி தன் பலத்தையெல்லாம் அந்த ஒரு காய்க்குக் கொடுத்துவிட்டு, அடுத்த பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். தோல் சீவ வேண்டாம். பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும்.

இனி விதையைப் பற்றி. இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். பூசணியின் காட்டு மூதாதைகளின் சதை கடும் கசப்பு. மெக்சிகோவின் ஓஹாக்கா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த பூசணி விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டு பழையவை. அந்த மக்கள் முதலில் சாப்பிட்டது சதையை அல்ல, விதையை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. கசப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துத்தான் இன்றைய காய் வந்தது. அழகுக்கு வளர்க்கும் குட்டிப் பூசணிகளும் சுக்கினியின் இனம்தான். அவற்றின் மகரந்தம் கலந்தால் இந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதையை எடுத்து விதைத்தால் அடுத்த வருடக் காயில் கசப்பு திரும்பி வரலாம். 2015இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைக் கசப்போடு சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார். நம் நாட்டிலும் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

அதனால் வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுக்காதீர்கள். நாட்டு ரகமாக இருந்தால், முதல் நாள் மாலையே மொட்டின் நுனியை நூலால் கட்டிவைத்து, காலையில் நீங்களே மகரந்தம் சேர்த்து, மறுபடி கட்டிய பூவின் காயிலிருந்து மட்டும் விதை எடுங்கள். எந்தக் காயானாலும் அரியும்போது ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயையும் செடியையும் சேர்த்துக் குப்பையில் போடுங்கள். குழம்பில் போட்டால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்த வாரம்: பீர்க்கங்காய்ப் பந்தல். அதன் பூ மாலையில் விரியும்.