தரங்கம்பாடி: துறையில்லாத் துறைமுகம்

திருப்பூர் நல்லூர் வட்டாரத்தின் பின்னலாடைகள் இன்று கொள்கலன்களில் அடைக்கப்பட்டு தூத்துக்குடி வழியே ஐரோப்பாவுக்குச் செல்கின்றன. சோழமண்டலக் கரையின் கைத்தறித் துணியோ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடி போன்ற சிற்றூர்களிலிருந்து கடல் கடந்தது. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்ட டேனியர்கள் இங்கு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். அதன் கீழ்த்தளம் கிடங்காகவும் சிறையாகவும், மேல்தளம் ஆளுநரின் உறைவிடமாகவும் பயன்பட்டன. வியப்பு என்னவெனில், இவ்வூருக்குக் கப்பல் அணையும் துறையே இல்லை: கலங்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே சரக்கை அலை கடத்தின.

1706-இல் வந்த சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் அச்சகம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும், 1718-இல் புதிய எருசலேம் தேவாலயத்தைக் கட்டியதும், இங்கு நடந்த வணிகத்தைவிட நிலைத்த பணிகள் எனலாம். 1845-இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் எஞ்சிய வணிகமும் அங்கே நகர்ந்தது.

கோட்டை இப்போது தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். அதைப் பார்த்துத் திரும்பிவிடாமல், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலையும் காண வேண்டும், ஏனெனில் அதன் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது.