வேப்பெண்ணெய் ஏன் மிதக்கிறது?

திருவாரூர்ப் பக்கம் சம்பாப் பயிருக்கு வேப்பெண்ணெய் தெளிப்பவர்கள் சோப்பும் கரைப்பார்கள். இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு கலக்காமல் டேங்கில் மேலே மிதந்துவிடும். சோப்பு போட்டாலும் துளிகள் பெரியவைதான். சற்று நேரத்தில் பிரியும்.

துளியைச் சிறிதாக்கினால்? விட்டம் ஆயிரத்தில் ஒரு பங்கானால், அதே எண்ணெயின் மொத்த மேற்பரப்பு ஆயிரம் மடங்காகும். கிருமியின் மேல் படவும், அதன் செல் சவ்வைக் குலைக்கவும் அவ்வளவு இடம் கிடைக்கிறது.

வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வேப்பெண்ணெயை அல்ல, திருநீற்றுப்பச்சிலை எண்ணெயை, சோப்பின் வேலையைச் செய்யும் ட்வீன் 80 என்ற பால்மமாக்கியுடன் மீயொலியால் உடைத்தார்கள். துளி சுமார் 29 நானோமீட்டர்! ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது என்பதால் கலவை பால்போல் வெளுக்காமல் தெளிவாகத் தெரியும். ஈ.கோலை பாக்டீரியாவை அது கொன்றது.

ஆனால் அது ஆய்வகம். வயலில் வெயில் உண்டு, மழை உண்டு. மீயொலிக் கருவியும் பால்மமாக்கியும் சோப்பு விலைக்குக் கிடைப்பதில்லை.