பச்சை விழுந்த பிறகு 27 விநாடி

பெங்களூரு ஈஜிபுரா சிக்னலில் நிற்கும் நேரம் எப்போதுமே நீளம்தான். 2017-இல் தொடங்கி, 2019-இல் முடிந்திருக்க வேண்டிய மேம்பாலத்தின் தூண்கள் ஒருபுறம். கோரமங்களா பக்கம் ஊர்ந்துபோகும் வண்டிகள் மறுபுறம். ‘நகரவே இல்லையே, ஒரு மெசேஜ் பார்த்தால் என்ன’ என்று கை பாக்கெட்டுக்குப் போகிறது. பச்சை விழுந்ததும் போன் உள்ளே போய்விடும். மனசு?

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயரின் குழு 2015-இல் இதை அளந்து பார்த்தது. காரிலும் போனிலும் குரல் கட்டளை கொடுத்து முடித்தவர்களுக்குச் சாலைமேல் கவனம் முழுசாகத் திரும்ப 27 விநாடி வரை ஆனது. கண் சாலையில் இருந்தும்தான் இப்படி. 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 விநாடி என்றால் 300 மீட்டர். அதற்குள் பஸ்ஸைப் பிடிக்க எத்தனை பேர் குறுக்கே இறங்குவார்கள் என்பது ஈஜிபுராக்காரர்களுக்குத் தெரியும்.

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறவர், “கை ரெண்டும் ஹேண்டில்லதானே இருக்கு” என்பார். கை இருக்கிறது, சரி. கனடாவின் டொரன்டோவில் 699 ஓட்டுநர்களின் போன் கணக்குகளை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டு 1997-இல் ஓர் ஆய்வு வந்தது. பேசும்போது விபத்து அபாயம் நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களும் தப்பவில்லை. பின்சீட்டில் இருப்பவர் லாரியைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார். போனின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு லாரி எங்கே தெரியப்போகிறது?

சட்டமும் கையைத்தான் பார்க்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில் ‘கையில் பிடிக்கும் தொடர்புக் கருவி’ சேர்ந்தது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. 2020 அக்டோபரில் வந்த விதியோ, கவனம் கலையாதபடி வழி பார்க்க மட்டும் போனை அனுமதித்தது. டெலிவரி பையன்களின் பிழைப்பு ஓடுவது இந்தச் சந்தில்தான். வழி காட்டும் அதே திரையில்தான் ஆர்டரும் வந்து விழுகிறது. அவர்களை மட்டும் திட்டுவது சுலபம்.

2022 டிசம்பரில் பெங்களூரின் 50 சந்திப்புகளில் தானியங்கிக் கேமராக்கள் வந்தன. ஹெல்மெட் இல்லாத தலையைப் போலவே போன் பிடித்த கையையும் அவை பிடிக்கும். காதுக்குள் இருக்கும் இயர்பட் என்றால் சிரமம். 2025 பிப்ரவரியில் ஒரு பெண் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காரோட்டும் வீடியோ பரவி, போலீஸ் அபராதம் போட்டது. ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த வீடியோவைச் சிக்னலில் பார்த்தார்களோ!

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். போன் காரணமென்று அரசு ஏடு காட்டுவது சுமார் 2 சதவீதம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. குடித்திருந்தால் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம்; போனுக்கு வாடை கிடையாது. “திடீர்னு குறுக்கே வந்துட்டாரு சார்” என்றுதான் ஓட்டியவர் ஸ்டேஷனில் சொல்வார். அது பொய்யென்றும் சொல்ல முடியாது. அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.