மருந்து வாங்குமுன் கால்களை எண்ணுங்கள்!

நமது கேள்வி - பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி இருப்பவை இரண்டு கேள்விகள். 'செடியில் ஒருவிதப் பூச்சி இருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?' என்பது ஒன்று. 'மண்ணில் புழு இருக்கிறது, எதைப் போட்டால் சாகும்?' என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அப்படியே பதில் சொல்ல முடியாது. நாம் பூச்சி என்று சொல்வதெல்லாம் பூச்சி அல்ல. புழு என்று சொல்வதெல்லாம் ஒரே இனமும் அல்ல. இனம் தெரியாமல் மருந்து வாங்கினால் காசும் போகும், பயிரும் போகும்.

ஒரு கோடையில் கீழ்புத்துப்பட்டிலிருந்து ஒரு விவசாயி கத்தரி இலைகளைப் பையில் போட்டு எடுத்து வந்தார்.

"மூணு வாட்டி பூச்சி மருந்து அடிச்சிட்டேன் சார். கடையில குடுத்ததுதான். அடிக்க அடிக்க அதிகமாத்தான் ஆவுது" என்றார்.

இலையைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் மெல்லிய நூலாம்படை. அதில் சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தன. லென்ஸைக் கொடுத்து, "கால் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எட்டு இருக்கு சார்" என்றார்.

"பூச்சிக்கு ஆறு கால்தாங்க. இது செஞ்சிலந்தி. சிலந்தி, தேள் வகையைச் சேர்ந்தது."

அவர் அடித்த மருந்து பூச்சிக்கானது. அது செஞ்சிலந்தியைக் கொல்லவில்லை. அதைத் தின்று வாழும் பொறிவண்டைக் கொன்றுவிட்டது. அதனால்தான் அடிக்க அடிக்கப் பெருகியது. நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, வெயில் தணிந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கச் சொன்னேன். செலவு குறைவு, பலனும் கிடைத்தது.

பழைய குழப்பம்தான்

உயிர்களை வகை பிரிப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரிக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு. நத்தை போன்றவை ஈரறிவு. கறையானும் எறும்பும் மூவறிவு. நண்டும் வண்டும் நான்கறிவு. தண்ணீரில் கிடக்கும் நண்டையும் பறக்கும் வண்டையும் ஒன்றாக வைத்தது வியப்பாக இருக்கலாம். இன்றைய விலங்கியலும் இரண்டையும் 'கணுக்காலிகள்' என்ற ஒரே தொகுதியில்தான் வைத்திருக்கிறது.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார்: பாலூட்டி, பறவை, இருவாழ்வி, மீன், பூச்சி, புழு. சிலந்தியையும் நண்டையும் பூச்சியில் சேர்த்தார். மண்புழு, நத்தை, நட்சத்திர மீன் எல்லாவற்றையும் புழுவில் போட்டார். பின்னால் வந்த பிரெஞ்சு அறிஞர் லமார்க் போன்றவர்கள்தான் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். இன்று நாம் வயலில் படும் குழப்பம் அவருக்கும் இருந்தது. அவருக்கு அதனால் மருந்துச் செலவு இல்லை; நமக்கு இருக்கிறது.

கணுக்காலிகள்

கால்கள் கணுக்கணுவாக இருக்கும். எலும்பு கிடையாது, மேல்தோடுதான் தாங்குகிறது. தோடு வளராது என்பதால் அவ்வப்போது சட்டை உரிக்கும். உலகில் அறியப்பட்ட விலங்கினங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தத் தொகுதிதான்.

*ஆறு கால்:* பூச்சி. தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி. வண்டு, அசுவினி, தேனீ, கறையான் எல்லாம் இதில் அடங்கும்.

*எட்டு கால்:* சிலந்தி, தேள், உண்ணி, செஞ்சிலந்தி. வலை பின்னும் பெரிய சிலந்தி பயிரைத் தின்னாது. அது நம் கூலி வாங்காத ஆள், விட்டுவிடுங்கள். செஞ்சிலந்தியின் குஞ்சுக்கு முதலில் ஆறு கால்தான் இருக்கும். ஆகவே வளர்ந்ததைப் பார்த்து எண்ணுங்கள். தென்னையைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்திக்கு நான்கு கால்தான், கண்ணுக்கும் தெரியாது. 1998-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுத் தமிழகத்துக்கும் பரவியது. குரும்பையின் காம்படியில் வெளிறிய முக்கோணத் திட்டு இருந்தால் அதுதான்.

*பத்து கால்:* நண்டு, இறால்.

*நிறையக் கால்:* மரவட்டை, பூரான். மரவட்டை மக்கிய தழையைத் தின்று எருவாக்கும்.

இங்கே நம் பகுதிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூச்சியும் இறாலும் ஒரே தொகுதி என்பதால், பூச்சியைக் கொல்லும் பல மருந்துகள் இறாலையும் நண்டையும் கொல்லும். நம் வயல்களில் வடியும் தண்ணீர் கழுவெளிக்குப் போகிறது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. அங்கே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவாதீர்கள். மழை வரும் நாளில் தெளிக்காதீர்கள்.

புழு என்ற ஒரே பெயரில் நான்கு இனம்

வேலையில் சேர்ந்த புதிதில் நானும் தவறு செய்திருக்கிறேன். "தக்காளி வாடுது, வேர்ல புழுன்றாங்க" என்று ஒருவர் வந்தார். வெட்டுப்புழுவாக இருக்கும் என்று நினைத்து, செடியைப் பார்க்காமலே மண்ணில் ஊற்றும் பூச்சி மருந்தை எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பிடுங்கிப் பார்த்தால், வேர் முழுக்க முடிச்சு. நூற்புழு. அவர் செலவழித்த பணம் போனது போனதுதான். அன்று முதல் வேரைப் பார்க்காமல் நான் சீட்டு எழுதுவதில்லை.

*பூச்சியின் இளம்பருவம்:* தலை தெளிவாகத் தெரியும். காய்ப்புழு, வெட்டுப்புழு, நிலக்கடலையின் வெள்ளை வேர்ப்புழு ஆகியவற்றுக்கு மார்பில் ஆறு கால் இருக்கும். இவை உண்மையில் புழு அல்ல. அந்துப்பூச்சி, வண்டு இவற்றின் குழந்தைகள்.

*உருளைப்புழு:* வளையம் கிடையாது, கால் கிடையாது. வேர்முடிச்சு நூற்புழு இந்த வகை, கண்ணுக்குத் தெரியாது. நிலக்கடலை வேரில் இயல்பாக உள்ள ரைசோபியம் முடிச்சு பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தட்டினால் உதிரும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும். கோடை உழவு, ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, செண்டுமல்லியைப் பயிர் சுழற்சியில் சேர்ப்பது ஆகியவை உதவும்.

*தட்டைப்புழு:* இலை அல்லது நாடா போல் தட்டையாக இருக்கும். ஆடு, மாட்டின் கல்லீரல் தட்டைப்புழு நத்தையின் உடலில் வளர்ந்து, புல் வழியாக ஆட்டுக்குள் போகிறது. ஏரிக்கரை ஈரப்புல்லில் மேய்ந்த ஆடு மெலிந்து, தாடைக்குக் கீழ் வீங்கினால் சந்தேகப்படுங்கள். உருளைப்புழுவுக்குக் கொடுக்கும் வழக்கமான மருந்து இதற்குப் போதாது. புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து மருந்து கேளுங்கள்.

*வளைதசைப்புழு:* உடல் முழுக்க வளையம். மண்புழு இந்த வகை. ஈரத்தோலால் மூச்சு விடுவதால் உப்பும் உலர்ச்சியும் இதற்கு ஆகாது.

நத்தையும் கடல் உயிர்களும்

நத்தை, சிப்பி, கணவாய் ஆகியவை மெல்லுடலிகள். நத்தைக்குப் பூச்சி மருந்து அடிப்பது வீண். நம்மூரில் உப்பு மலிவு என்று சிலர் வயலில் உப்பைத் தூவுகிறார்கள். நத்தை சாகும், மண்ணும் கெடும். மாலையில் ஈரச்சாக்கு விரித்து, அதன் கீழே பப்பாளி இலை வையுங்கள். காலையில் கூடியிருக்கும் நத்தைகளைப் பொறுக்கி அழிக்கலாம். வெறுங்கையால் தொட வேண்டாம்.

கடலில் வலைக்குச் சிக்கும் சொறி குழியுடலி. நட்சத்திர மீன் முட்தோலி. பெயரில் மீன் இருந்தாலும் அதற்கு முதுகெலும்பு கிடையாது.

முதுகெலும்பு உள்ளவை

மீன் செவுளால் மூச்சு விடும். தவளை நீரிலும் நிலத்திலும் வாழும். தோலாலும் சுவாசிப்பதால் மருந்து உடனே ஏறிவிடும். பாம்பு, ஓணான், ஆமை ஊர்வன. செதில் தோல் உடையவை. பறவைக்கு இறகு. பாலூட்டிக்கு முடியும் பாலும். வௌவால் பறந்தாலும் பாலூட்டிதான்.

தவளை பூச்சியைத் தின்னும். சாரையும் கூகையும் எலியைத் தின்னும். கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற இடங்கள் நிலைத்திருப்பதால்தான் இந்த உயிர்களுக்கு நம் வயல் பக்கத்தில் ஒதுங்க இடம் கிடைக்கிறது.

இனி கேள்வி எழுதும்போது...

பூச்சி, புழு என்று மட்டும் எழுதாமல் இவற்றையும் எழுதுங்கள்: கால் எத்தனை? உடலில் வளையம் உண்டா? தலை தனியாகத் தெரிகிறதா? ஓடு இருக்கிறதா? இலையில் இருந்ததா, தண்டிலா, வேரிலா? பகலில் பார்த்தீர்களா, இரவிலா? முடிந்தால் செடியை வேரோடு பிடுங்கி, அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒரு சிறிய லென்ஸ் வாங்கி வீட்டில் வையுங்கள். கண் கூர்மையான பிள்ளைகளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் பள்ளியில் படிக்கும் பாடமும் இதுதான்.